சாணி வாசமும் நீலப் பம்பும்

டிஸ்கி (இத முதல்லயே போட்டுடறேன்): நான் டாக்டர் இல்லீங்க. பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துற ஆளு. இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேணாம். பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பெங்களூருக்கு வேலைக்கு வர்ற எல்லாருக்கும் முதல் வருஷத்துலயே கம்பெனி குடுக்காத ஒரு போனஸ் கிடைக்கும். தும்மல். காலைல எந்திரிச்சதும் பத்து, பன்னெண்டு. என் டீம்ல பாதிப் பேரு மேஜை டிராயர்ல மாத்திரை அட்டை இருக்கு. இது வெறும் பேச்சு இல்ல. இந்த ஊர் குழந்தைகள் மருத்துவர் பரமேஷ், தன் ஆஸ்பத்திரிக்கு வந்த 20,000 குழந்தைகளை வச்சு ஒரு கணக்கு வெளியிட்டிருக்காரு. 1979-ல 9 சதவீதமா இருந்த ஆஸ்துமா 1999-ல 29.5 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்குதான், மொத்த ஊர் கணக்கு இல்ல. இருந்தாலும் இருபது வருஷத்துல மூணு மடங்குன்னா சும்மா விட்டுட முடியுமா?

அந்த வரிசையில புதுசா சேந்தது எங்க வீட்டு வாண்டு. அக்கா பையன், நாலரை வயசு. ஒன்றரை வயசுல முதல் இளைப்பு. அப்புறம் சளி பிடிச்சா போதும், நெஞ்சுல பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வந்துடும். ராத்திரி நெபுலைசர் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு "நான் பைலட்"னு சொல்வான். நாங்களும் சிரிச்சு வைப்போம். அக்கா மட்டும் சிரிக்க மாட்டா, அவன் விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே இழுக்குதான்னே பாத்துட்டு இருப்பா.

எங்க அம்மாவுக்கு இதுல ஒரே தியரி. கோபி பக்கம், வாய்க்கா ஓரத் தோட்டத்துல இருந்துக்கிட்டு போன்ல சொல்றது: "நாமெல்லாம் கட்டுத்தரையிலயே தவந்து வளந்தவங்க. உனக்கு வந்துச்சா, உன்ர தம்பிக்கு வந்துச்சா? அந்தப் பம்பைத் தூக்கி வீசிப்போட்டு ஒரு வருசம் பையனை இங்க உட்டுட்டுப் போ கண்ணு. தானா போயிரும்."

அக்கா இப்போ ரெண்டாவது முழுகாம இருக்கா. அதனால இந்தப் பேச்சு இப்போ விளையாட்டு இல்ல. வாண்டை எங்க விடறது, பிரசவம் எங்க பாக்கறது, பம்பை என்ன பண்றதுன்னு மூணு கேள்வியும் ஒண்ணா வந்து நிக்குது. மாமா (அக்கா வீட்டுக்காரர்) அமைதியா, "மாப்ள, நீ தான் நிறைய படிப்பியே, பாத்து சொல்லு"ன்னுட்டாரு. ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன்.

முதல் அதிர்ச்சி: அம்மா சொல்றது பாதி சரி!

இது 1989-லயே ஆரம்பிச்ச கதை. டேவிட் ஸ்ட்ராக்கன்னு ஒரு பிரிட்டிஷ்காரர், 1958-ல ஒரே வாரத்துல பொறந்த 17,414 பேரோட விவரத்தை அலசினாரு. வீட்டுல கூடப் பொறந்தவங்க, அதுலயும் மூத்தவங்க, எவ்வளவு அதிகமோ அவ்வளவு கம்மி தும்மல் நோய். சின்ன வயசுலயே அண்ணன் அக்கா மூலமா ஒட்டிக்கிற சளி காய்ச்சல் நல்லது பண்ணுதோன்னு ஒரு ஊகம் சொன்னாரு. அடுத்தது ஜெர்மனி. கிழக்கும் மேற்கும் 1990-ல ஒண்ணான சமயத்துல மியூனிக் டாக்டர் எரிகா ஃபோன் முட்டியஸ் ரெண்டு பக்கத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டாங்க. கிழக்குல லைப்சிக், ஹாலே மாதிரி ஊர்ல காத்து கரிப்புகை. அங்கதான் ஆஸ்துமா அதிகம் இருக்கும்னு எல்லாரும் நினைச்சது தலைகீழாப் போச்சு. இருமல், மூச்சுக்குழாய் அழற்சி கிழக்குல அதிகம். ஆனா ஆஸ்துமாவும் அலர்ஜியும் சுத்தமான மேற்குலதான் அதிகம்.

அதே அம்மாதான் அப்புறம் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்குப் போனாங்க. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூணு நாட்டுலயும் 812 குழந்தைகளை வச்சு 2001-ல வந்த ஆய்வு. பொறந்த முதல் வருஷத்துலயே மாட்டுக் கொட்டகையில புழங்கி, பண்ணைப் பாலும் குடிச்ச குழந்தைகளுக்கு ஆஸ்துமா 1 சதவீதம். அதே கொட்டகைக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள போக ஆரம்பிச்ச குழந்தைகளுக்கு 11 சதவீதம்.

இந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். ஏன்னா அம்மா சொல்றதுல மீதிப் பாதி இங்கதான் உடையுது. "கிராமத்துல வளந்தா"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றதுல அர்த்தமே இல்ல. எப்போ, எங்க, எதோட சேந்துன்னு கேக்கணும். முதல் வருஷம், இன்னும் சொல்லப்போனா வயித்துல இருக்கும்போதே அம்மா கொட்டகையில புழங்கினாளாங்கறது. நாலரை வயசுல பையனைக் கொண்டு போயி கட்டுத்தரையில உருட்டினா அந்தப் பலன் கிடைக்கும்னு சொல்ற ஆதாரம் என் கண்ணுல படல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு 2016-ல வந்தது. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். எங்களை மாதிரி ஆளுங்க ஏ/பி டெஸ்ட்னு சொல்லுவோம்ல, வாழ்க்கையே செட்டப் பண்ணி வச்ச மாதிரி ஒரு ஏ/பி டெஸ்ட். அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஆமிஷ்னு ஒரு சமூகம், தெற்கு டகோட்டாவுல ஹட்டரைட்னு ஒரு சமூகம். ரெண்டு பேருமே ஐரோப்பாவுல இருந்து போன பழைய கிறிஸ்தவப் பிரிவு, மரபணுவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வீடு நிறைய குழந்தைங்க, நாள்பட தாய்ப்பால், தடுப்பூசி, சிகரெட் இல்ல, வீட்டுக்குள்ள நாய் பூனை இல்ல, கொழுப்பு நிறைஞ்ச சாப்பாடு, காய்ச்சாத பால் - எல்லாமே ஒண்ணுதான். ரெண்டு பேருமே விவசாயிங்க.

ஆனா ஆமிஷ் குழந்தைகள்ல ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகள்ல 21.3 சதவீதம். நாலு மடங்கு!

வித்தியாசம் என்னன்னா, ஆமிஷ்காரங்க குதிரை பூட்டி உழுறவங்க. வீட்டுப் பக்கத்துலயே கொட்டகை. குழந்தைங்க தவழ்ற வயசுலயே அங்கதான் கிடக்கும். ஹட்டரைட்காரங்க பெரிய பெரிய மெஷின் வச்சு, கூட்டுப்பண்ணையா, தொழிற்சாலை மாதிரி நடத்துறாங்க. மாடு எங்கயோ தள்ளி இருக்கும், குழந்தைங்க அங்க போறதே கிடையாது. ரெண்டு பக்க வீட்டுலயும் தூசியைக் கூட்டி எடுத்துப் பாத்தாங்க. ஆமிஷ் வீட்டுத் தூசியில எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம். எண்டோடாக்சின்னா ஒரு வகை பாக்டீரியாவோட மேல்தோல்ல இருக்குற சரக்கு. சாணி இருக்குற இடத்துல தாராளமா இருக்கும். அதோட நிக்காம அந்தத் தூசியை எலி மூக்குல விட்டுப் பாத்திருக்காங்க. ஆமிஷ் தூசி போன எலிக்கு ஆஸ்துமா மாதிரி வீக்கம் வரல. ஹட்டரைட் தூசிக்கு அந்தக் காப்பு இல்ல.

இதைப் படிச்சப்போ எனக்கு அமெரிக்கா ஞாபகமே வரல. எங்க தோட்டந்தான் வந்துச்சு. நான் சின்னப் பையனா இருக்கும்போது சாளைக்கும் கட்டுத்தரைக்கும் நடுவுல ஒரு சுவர்தான். நாலு எருமை, ரெண்டு உழவு மாடு, பத்துப் பதினஞ்சு வெள்ளாடு. எருமைக்குக் கன்னு பொறந்தா ராத்திரி குளிருக்கு அது எங்க திண்ணையிலதான் படுக்கும், பக்கத்துலயே நானும். வாசல்ல தினமும் சாணி தெளிக்கறது, தரைக்கு வாரம் ஒருக்கா சாணி மெழுகறது. எண்டோடாக்சின்ல முங்கிக் குளிச்சிருக்கோம்னு நினைக்கிறேன் :-)

இப்போ அதே ஊருக்குப் போனா? சாளை இடிச்சு டைல்ஸ் போட்ட வீடு. மாடு ரெண்டே ரெண்டு, ஜெர்ஸி கிராஸ், வீட்டுல இருந்து தள்ளி தகரக் கொட்டகையில. பக்கத்துத் தோட்டத்துல கோழிப் பண்ணை, உள்ள யாரையும் விட மாட்டாங்க. ஊர்ப் பசங்க காலைல வேன் ஏறிப் போனா சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து டியூஷன், அப்புறம் போன். மாட்டைத் தொட்டுப் பாக்காத விவசாயி வீட்டுப் பசங்க எங்க தெருவுலயே அஞ்சாறு பேரு இருக்காங்க. அதாவது ஆமிஷா இருந்த நாங்க, ஒரே தலைமுறையில ஹட்டரைட் ஆயிட்டோம். "கிராமத்துல உடு"ன்னு அம்மா சொல்ற கிராமம் அவங்க மனசுல இருக்கு. முகவரியில இல்ல.

இது எப்படி வேலை செய்யுதுன்னும் ஓரளவு கண்டுபிடிச்சிருக்காங்க. பெல்ஜியத்துல கெண்ட் ஊர் ஆய்வுக்குழு 2015-ல ஒண்ணு காட்டினாங்க. எலிக்கு ரெண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா எண்டோடாக்சின் குடுத்தா, நுரையீரல் உள்தோல்ல ஏ20-ங்கற நொதி அதிகமாகுது. அது அபாயச் சங்கை அடக்கி வைக்குற வேலை பாக்குது. நம்ம பொழப்பு பாஷையில சொல்லணும்னா: புதுசா ஒரு சர்வர் ஏத்தி அதுக்கு அலெர்ட் வச்சா, முதல் வாரம் ஆயிரம் அலெர்ட் வரும். சாதாரண சத்தம் எது, நிஜ ஆபத்து எதுன்னு பாத்துப் பாத்து எல்லையை ஏத்தி வைப்போம். சத்தமே இல்லாத அறையில அந்த எல்லையை வச்சுட்டு அப்புறம் ரோட்டுல கொண்டுவந்து வச்சீங்கன்னா, பூக்காரம்மா குரலுக்கெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும். வாண்டோட நுரையீரல் அதைத்தான் பண்ணிட்டு இருக்கு. பூச்சி பொட்டு தூசி, பார்த்தீனியம் மகரந்தம், எதுவும் அவனைக் கொல்லப் போறதில்ல. ஆனா அவன் உடம்பு எல்லாத்துக்கும் சங்கு ஊதுது. (உவமைதான். அப்படியே பிடிச்சுக்கிட்டு சண்டைக்கு வராதீங்க.)

வாண்டு பொறந்தது 2021 மே. ரெண்டாவது அலை உச்சத்துல இருந்த நேரம். வழக்கமா ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அக்காவைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்போம், குழந்தைக்கு மூணு இல்ல அஞ்சு மாசம் ஆனப்புறம்தான் திரும்பி வந்திருப்பா. அந்த வருஷம் எதுவும் நடக்கல. அம்மாதான் இ-பாஸ் வாங்கிட்டு பெங்களூர் வந்தாங்க. பன்னெண்டாவது மாடி, ஜன்னல் சாத்தின அறை, தொட்டதுக்கெல்லாம் சானிடைசர், ஒரு மனுஷ மக்க எட்டிப் பாக்கல. அதனாலதான் அவனுக்கு இளைப்பு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு குழந்தையை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. அவன் அப்பா வழியில ரெண்டு பேருக்கு ஆஸ்துமா வேற. ஆனா தாய் வீட்டுப் பிரசவம்னு நாம வச்சிருக்குற வழக்கம், அந்த ஆல்ப்ஸ் ஆய்வு சொல்ற அதே மாசங்களைத்தான் மாட்டுக்குப் பக்கத்துல கழிக்க வச்சிருக்குன்னு யோசிச்சப்போ கொஞ்சம் சிலிர்த்துச்சு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்ல. வேற காரணத்துக்கு வந்த வழக்கம், கூடவே இதுவும்.

சரி, இப்போ பம்புக்கு வருவோம். இதுலதான் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்தே வராது.

போன ஆயுத பூஜை லீவுக்கு வாண்டு தோட்டத்துக்குப் போயிருந்தான். அவனுக்கு ரெண்டு பம்பு. நீலம், இளைப்பு வந்த உடனே அடிக்கிறது. இன்னொண்ணு தினமும் ரெண்டு வேளை அடிக்கிற தடுப்பு மருந்து. ரெண்டாவதை அம்மா எடுத்து பரண் மேல வச்சுட்டாங்க. "இங்கதான் நல்லா இருக்கானே, எதுக்கு அந்த ஸ்டீராய்டு"ங்கறது அவங்க வாதம். ஒரு வாரம் நல்லாதான் இருந்தான். அப்புறம் சளி பிடிச்சிருக்கு. காலைல வெந்நீர் அடுப்புல தென்னமட்டையும் பாளையும் வச்சு எரிக்கறது, அந்தப் புகையில போய் உக்காந்து வேடிக்கை பாத்திருக்கான். எது காரணம், எல்லாம் சேந்தான்னு தெரியல. ஒன்பதாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பா போன் பண்றாரு, குரல் நடுங்குது. பேச முடியல பையனால, ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. 14 கிலோமீட்டர் டவுன் ஆஸ்பத்திரிக்கு பக்கத்துத் தோட்டத்துக்காரர் கார்ல தூக்கிட்டு ஓடினாங்க. மாஸ்க் போட்டு, ஊசி போட்டு, விடியறப்போதான் அடங்குச்சு. அக்கா இங்க பன்னெண்டாவது மாடியில தரையில உக்காந்துட்டு இருந்தா. நானும் மாமாவும் ஒண்ணும் பேசல.

ஒண்ணு சொல்லணும். அந்தத் தடுப்பு மருந்துல இருக்குற ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குப் போறது. அதை நிறுத்திட்டு இளைப்பு முத்தினா ஆஸ்பத்திரில குடுக்கறதும் ஸ்டீராய்டுதான், மில்லிகிராம் கணக்குல, உடம்பு பூரா. நம்ம ஊர்ல பம்புன்னா என்னமோ கடைசிக் கட்டம்ங்கற பயம். 2019-க்கான உலகக் கணக்குல ஆஸ்துமா நோயாளிகள்ல இந்தியாவோட பங்கு சுமார் 13 சதவீதம். ஆஸ்துமாவால செத்தவங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல. நோய் கம்மி, சாவு அதிகம். தடுப்பு மருந்தைத் தொடாம இருக்கறது அதுக்கு ஒரு பெரிய காரணம்.

அப்புறம் "எங்க காலத்துல யாருக்கும் வரல"ங்கறது. எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தாரு. மார்கழி பொறந்தா கயித்துக் கட்டில்ல படுக்க மாட்டாரு, ராத்திரி பூரா திண்ணையில முட்டியைக் கட்டிக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருப்பாரு. ஆடாதொடைக் கசாயம், கண்டங்கத்திரி, எல்லாம் குடிச்சு ஐம்பத்திரண்டு வயசுல போய்ச் சேந்தாரு. அவருக்கு என்னம்மான்னு கேட்டா, "அவருக்கு நெஞ்சுச் சளி"ம்பாங்க. பேரு வைக்காத நோய் கணக்குல வராது. அதுவும் போக, சின்ன வயசுல காப்பாத்துற அதே பண்ணைத் தூசி, பெரியவங்களான விவசாயிங்க நுரையீரலைக் கெடுக்கவும் செய்யும். விறகுப் புகைக்கு எந்த வயசுலயும் நல்ல குணம் கிடையாது.

இன்னொரு தமாஷ். அமெரிக்காவுல டூசான்ங்கற ஊர்ல பொறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பாத்து 1995-ல ஒரு ஆய்வு வந்துச்சு. மூணு வயசுக்குள்ள இளைப்பு வந்த குழந்தைகள்ல பாதிக்கு மேல ஆறு வயசுல தானாவே சரியாயிடுச்சு. மூச்சுக்குழாய் பெருசாகுது, அவ்வளவுதான். இந்த வாண்டுக்கும் அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனா ஒரு வருஷம் தோட்டத்துல விட்டு, அதுக்கப்புறம் சரியாயிடுச்சுன்னு வைங்க... பாராட்டு விழா எங்க அம்மாவோட ஜெர்ஸி மாட்டுக்குத்தான்!

போன ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்குப் போயி இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். ஆமிஷ் கதை வரைக்கும் முகத்துல அப்படி ஒரு பெருமை. "வெள்ளக்காரனே சொல்லிப்போட்டான் பாரு"ன்னு அப்பாகிட்ட திரும்பினாங்க. பம்பு பேச்சு வந்ததும் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. சோளத்தட்டை வெட்டிட்டே இருந்தாங்க. அப்புறம், "அன்னைக்கு ராத்திரி கார்ல அவன் என் மடியிலதாண்டா கெடந்தான். உதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச வாய் வரல. பம்பு ரெண்டும் இப்போ அடுப்படி அலமாரியில, பொட்டுக்கடலை டப்பா பக்கத்துல, எட்டற உயரத்துல இருக்கு.

முடிவு இதுதான். வாண்டு பெங்களூர்லயே, மருந்தோட. லீவுக்கு மட்டும் தோட்டம். ரெண்டாவது பிரசவம் தாய் வீட்டுல. ஸ்ட்ராக்கன் கணக்குப்படி பாத்தா வரப்போறதுக்கு ஏற்கனவே ஒரு லாபம் இருக்கு, மேல இருமி வைக்க ஒரு அண்ணன் ரெடியா இருக்கான். அக்காவுக்குக் கட்டுத்தரைப் பக்கம் தினமும் போய் வரலாம், ஆனா மாடு கன்னு ஈனும்போதும் நஞ்சுக்கொடி விழும்போதும் கிட்ட போகக்கூடாது. மாட்டுல இருந்து மனுஷனுக்குத் தொத்துற புரூசெல்லா மாதிரி கிருமி அதுலதான் நிறைய. பால் கட்டாயம் காய்ச்சித்தான். பச்சைப் பால் ஆஸ்துமாவைக் குறைக்குதுன்னு ஐரோப்பாவுல ஆய்வு இருக்கு, ஆனா அதுல வர்ற காசநோயையும் புரூசெல்லாவையும் வாங்கிக்கிட்டு அந்தக் காப்பு வேணாம். தடுப்பூசி ஒண்ணு விடாம. ஆமிஷ் வீட்டுலயே போடறாங்க, நமக்கென்ன. அப்புறம் வெந்நீர் அடுப்பை வீட்டுக்குப் பின்னாடி காத்து போற பக்கம் மாத்தணும். இதுக்கு மட்டும் அப்பா முணுமுணுத்தாரு, புது அடுப்பு கட்டற கூலி ரெண்டாயிரமாம்.

இதெல்லாம் பலிக்குமா? தெரியாது. ஆல்ப்ஸ் கொட்டகையில இருக்குற கிருமிக் கூட்டம் வேற, எங்க தகரக் கொட்டகை வேற. ரெண்டு மாடு போதுமான்னு எந்த ஆய்வுலயும் இல்ல.

அந்த ரெண்டு மாட்டையும் அப்பா இந்தத் தை மாசம் வித்துடறதா இருந்தாரு. முட்டி வலி, தட்டு விலை, பால் கறக்க ஆள் கிடைக்கல. யாவாரி வந்து பல்லைப் பிடிச்சுப் பாத்து, சிவப்பு மாட்டுக்கு முன்பணம் குடுக்கற வரைக்கும் போயிருச்சு. அக்காவுக்குத் தேதி பிப்ரவரி கடைசியில. ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் பஸ் ஏற வரும்போது அப்பா டார்ச் அடிச்சுக்கிட்டு கூடவே ரோடு வரைக்கும் வந்தாரு. "யாவாரிகிட்ட ஆவணி வரைக்கும் பொறுக்கச் சொல்லிப்போட்டேன். கறக்கறதுக்கு மட்டும் ஒரு ஆளப் பாரு, மாசம் நீ குடுத்துரு"ன்னாரு. சரிங்கப்பான்னேன்.

கோபி பக்கம் பால் கறக்க ஆள் தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. காலைல அஞ்சு மணி, சாயங்காலம் நாலு மணி. ரெண்டு மாடு. சிவப்பு மாடு கொஞ்சம் உதைக்கும்.